மறுவாழ்வு பில்லை மெடிக்கல் எய்ட் சேவிங்ஸில் கழித்தால் விடாதீர்கள்

தென்னாப்பிரிக்காவில், டர்பனின் சாட்ஸ்வொர்த், ஃபீனிக்ஸ் பக்கம் சுகர்ஸ் (ஹெராயின் கலந்த மலிவான போதைப்பொருள்) பழக்கத்தால் அவதிப்படும் வீடுகளுக்காக எழுதுகிறேன்.

என் தம்பி ஒருவழியாகச் சிகிச்சைக்குச் சம்மதித்தான். மெடிக்கல் எய்டுக்கு, அதாவது மாதச் சந்தா கட்டும் மருத்துவக் காப்புத் திட்டத்துக்கு (சட்டத்தில் மெடிக்கல் ஸ்கீம்), போன் செய்தால், அவர்களுடைய ஒப்பந்த மையத்தில் படுக்கை காலி இல்லை, வேறு இடம் பாருங்கள் என்றார்கள். சரி என்று வேறொரு மையத்தில் சேர்த்தோம். பில் போனதும் எங்கள் சேவிங்ஸில் (சந்தாவில் ஒரு பகுதி அன்றாட மருத்துவச் செலவுக்கென்று சேரும் கணக்கு) இருந்ததை வழித்து எடுத்துவிட்டு, மீதியைக் கோ-பேமெண்ட் என்று எங்கள் தலையில் கட்டினார்கள். கேட்டால், "நீங்களாகத் தேர்ந்தெடுத்த இடம்தானே?" கூடவே, "பழக்கமும் அவராக வரவழைத்துக்கொண்டதுதானே மேடம்" என்று ஒரு உபதேசம். ஸ்பீக்கரில் அம்மா கேட்டுக்கொண்டிருந்தார்.

மாரடைப்பு வந்தவரிடம் இத்தனை சமோசா ஏன் தின்றீர்கள் என்று கேட்டு யாரும் பில்லைத் திருப்பி அனுப்புவதில்லை.

1998-ஆம் ஆண்டின் மெடிக்கல் ஸ்கீம்ஸ் சட்டப்படி, போதை, மது அடிமைத்தனத்துக்கு உள்நோயாளிச் சிகிச்சை கட்டாயக் குறைந்தபட்சப் பலன்களில் ஒன்று. எல்லோரும் பி.எம்.பி. என்பது இதைத்தான். ஆண்டுக்கு மூன்று வாரம் வரை கொடுத்தாக வேண்டும். மருத்துவமனைச் செலவை மட்டும் ஏற்கும் மலிவான ஹாஸ்பிடல் பிளான் என்றாலும் அது மெடிக்கல் ஸ்கீமாக இருந்தால் விலக்கில்லை. இந்தச் செலவைச் சேவிங்ஸில் கழிக்கவே கூடாது. ஒப்பந்த மையத்தில் இடம் இல்லாததால் வெளியே போக நேர்ந்தால், அது உங்கள் விருப்பத் தேர்வு ஆகாது. முழுத் தொகையும் அவர்கள் பொறுப்பு. மூன்று வாரம் போதுமா என்றால் போதாது. இதயத்துக்கு இப்படி நாள் எண்ணுவதில்லை, அந்தச் சண்டை தனி.

எங்களைக் காப்பாற்றியது, படுக்கை இல்லை என்று சொன்ன அழைப்பின் ரெஃபரன்ஸ் எண். அதைக் கேட்டு வாங்காமல் போனை வைக்காதீர்கள். முடிந்தால் மின்னஞ்சலிலும் கேளுங்கள். பில்லில் நோய்க் குறியீடு சரியா என்றும் பாருங்கள்: ஹெராயின் வகை அடிமைத்தனத்துக்கு எஃப்11.2, மதுவுக்கு எஃப்10.2. குறியீடு தவறினால் பி.எம்.பி. என்றே பதிவாகாது.

முதலில் ஸ்கீமின் பிரின்சிபல் ஆபீசருக்கு (நிர்வாகத் தலைவர்) எழுத்தில் புகார் கொடுங்கள். அசையாவிட்டால், ஸ்கீம்களைக் கண்காணிக்கும் அமைப்பான கவுன்சில் ஃபார் மெடிக்கல் ஸ்கீம்ஸுக்குப் போங்கள். கட்டணம் கிடையாது, வக்கீலும் வேண்டாம். ஸ்கீம் 30 நாளில் பதில் சொல்ல வேண்டும். அங்கே புகார் போன பிறகுதான் எங்கள் சேவிங்ஸ் பணம் திரும்பியது. கோ-பேமெண்டுக்கு இன்னும் மல்லுக்கட்டுகிறோம்.

அப்புறம், இன்சூரன்ஸ் கம்பெனி விற்கும், ஆஸ்பத்திரியில் இருக்கும் நாளுக்கு இவ்வளவு என்று பணம் தரும் ஹாஸ்பிடல் கேஷ் பாலிசி மெடிக்கல் எய்ட் அல்ல, அதற்கு பி.எம்.பி. பொருந்தாது. மறுவாழ்வு மையம் சமூக மேம்பாட்டுத் துறையில் பதிவு பெற்றதா என்றும் கேளுங்கள். பில்லைச் சிகிச்சை நடந்த மாதத்துக்கு அடுத்த நான்காவது மாதம் முடிவதற்குள் அனுப்பிவிடுங்கள். அதைத் தாண்டினால் சட்டப்படியே கையை விரித்துவிடுவார்கள்.