ஹாங்காங் ஹாலிவுட் சாலையில் ஒரு ஜேட் அறை

இந்தப் பழம்பொருள் கடையில் சீனாவின் சிங் வம்சக் காலத்து ஜேட் கல் சிற்பங்களுக்கென ஒதுக்கிய அறை ஒன்றுக்காகவே அங்கே போகலாம். ஜேட் வகைகளில் ஒன்றான வெளிர்பச்சை நெஃப்ரைட் கல்லொன்றின் இயற்கை வடிவத்தைக் குலைக்காமல், அதற்குள் ஒரு குகையையும் அதில் தியானத்தில் அமர்ந்த லோஹான் எனும் பௌத்தத் துறவியையும் குடைந்தெடுத்திருக்கும் சிற்பம் என்னை நெடுநேரம் நிறுத்தியது. ஜேட் உளிக்குப் பணியாது. கடினமான மணலை நீரோடு கலந்து, சுழலும் கருவியால் தேய்த்துத் தேய்த்தே உருவத்தைக் கொண்டுவர வேண்டும் என்பதை எண்ணும்போது, அந்தத் துறவியின் புருவ மடிப்புகள் பெருவியப்பைத் தருகின்றன. 1759இல் ஜேட் கற்களுக்குப் பெயர்பெற்ற கோத்தான் பகுதி சிங் வம்சத்துச் சியான்லாங் பேரரசரின் வசமானபின் பெரிய கற்கள் தாராளமாகக் கிடைத்ததைக் கடைக்காரர் பொறுமையாக விளக்கினார். சிங்கத்தின்மீது மஞ்சுஸ்ரீ, யானைமீது சமந்தபத்ரர் எனப் பௌத்தப் போதிசத்துவர்களின் உருவங்களை அடையாளம் காட்டும் குறிப்புகளும் தெளிவானவை. கருணையின் போதிசத்துவரான குவான்யினின் சிலைகளின் முகங்களில் மட்டும் உயிர் குறைவு. பழைய பாணியில் பிற்காலத்தில் செய்தவையும் சந்தையில் ஏராளமாக இருப்பதால், காலக்கணிப்பை எழுத்தில் பெற்ற பிறகே வாங்குங்கள்.