எழுத்து உருளையும் ஒரு ஐஸ்கிரீமும்: இரண்டு வருட அனுபவம்

போன வாரம் எழுத்து உருளையின் கம்பி கழன்றுவிட்டது. கம்பியில் கோத்த மூன்று மர உருளைகள்; திருப்பினால் மூன்றெழுத்து ஆங்கிலச் சொல் வரும், அதுதான் எழுத்து உருளை. நான் பசை போட்டு ஒட்டிக்கொண்டிருந்த நேரம் பார்த்து, "இதை என் பையனுக்கு வாங்கலாமா?" என்று தோழி கேட்டாள். இரண்டு வருடமாக என் மகள் உருட்டும் பொருள். ஒரு வரியில் பதில் சொல்ல வரவில்லை.

மரம் நல்ல மரம், பெயின்ட் உரியவில்லை. மாடிப்படியில் இரண்டு முறை உருண்டும் ஒரு கீறலோடு தப்பித்தது. என் சண்டையெல்லாம் நடு உருளையோடுதான்.

ஐந்து ஆங்கில உயிரெழுத்துகளும் அதில்தான், பக்கத்தில் ஆளுக்கொரு படம். ஏ-க்கு (A) ஆப்பிள், ஈ-க்கு (E) எலிஃபன்ட், யூ-வுக்கு அம்ப்ரெல்லா. ஐ-க்கு மட்டும் ஐஸ்கிரீம்! 'பின்', 'சிட்' என்று குறில் ஓசை பழக்கவே செய்த பொருளில் இப்படி ஒரு படம். இரண்டு வாரம் வீட்டில் பின் எல்லாம் 'பைன்', சிட் எல்லாம் 'சைட்'. இன்செக்ட் படம் வரைந்து மேலே ஒட்டினேன். நாலாவது முறையாக உரித்துவிட்டாள். அடியில் ஐஸ்கிரீம் இருப்பது தெரியுமே.

அதற்காக எல்லாத் தப்பையும் படத்தின் தலையில் கட்ட முடியாது. நான் 'பின்' என்று சொன்னால் ஈ-யைத் திருப்புவாள். 'பெட்' என்றால் ஏ. கவனமில்லை என்று கத்தியிருக்கிறேன். பிறகுதான் உறைத்தது: எழுத்தின் பெயரைத்தானே முதலில் சொல்லிக்கொடுத்தோம்? அந்தப் பெயர்களில் இ-க்கு நெடில் ஈ, எ-க்கு நெடில் ஏ. கேட்ட குறிலுக்குச் சரியான நெடிலைத்தான் பிடித்திருக்கிறாள். தமிழ்க் காது என்று நினைத்தேன். அப்படியும் இல்லை. ஆங்கிலமே தாய்மொழியான பிள்ளைகளும் தாங்களாக எழுதிப் பார்க்கும்போது இதே மாதிரி மாற்றுவார்கள் என்று மொழியியலாளர் சார்லஸ் ரீட் 1971-லேயே எழுதியிருக்கிறார். கத்தியதற்கு இப்போது வெட்கமாக இருக்கிறது.

அப்புறம் எழுத்தின் பெயரைச் சொல்வதையே நிறுத்தினேன். ஓசை மட்டும், அதுவும் நடு ஓசையை இழுத்து: பெ...எ...எ...ட். இ ஓசையையும் எ ஓசையையும் ஒரே நாளில் எடுப்பதில்லை. 'கேட்' என்றால் பூனையா வாசற்கதவா என்ற குழப்பம் தனிக்கதை. தாடையை இறக்கிக் காட்டித்தான் தீர்ந்தது.

ஒன்று சொல்லியாக வேண்டும். நடு உருளையைத் திருப்பினால் 'டக்' என்று ஒரு சத்தம் வரும். பின், டக், பென், டக், பன். ஓரத்து இரண்டும் அசையாது, நடு மட்டும் மாறும். நான் வாயால் எத்தனை சொன்னாலும் புரியாதது அந்த டக்கில் புரிந்தது. இப்போது உருளை கையில் இல்லாவிட்டாலும், காற்றில் விரலைத் திருப்பி, வாயால் டக் போட்டு எழுதுகிறாள்.

தோழிக்கு, "வாங்காதே" என்று பதில் போட்டேன். "சரி, உன்னுடையதைக் கொஞ்ச நாள் கொடு" என்றாள். பசை இன்னும் காயவில்லை என்று சொல்லியிருக்கிறேன். காய்ந்து மூன்று நாளாகிறது.