எச்-1பியா, எல்-1ஆ?

பாளையங்கோட்டையில் பொறியியல் முடித்து ஐ.டி.யில் இருக்கும் நம் பிள்ளைகளுக்கு அமெரிக்கா என்றாலே எச்-1பி வேலை விசாதான். அதற்கு ஆண்டுக்கு 65,000 இடம், அங்கேயே முதுகலை முடித்தவர்களுக்குக் கூடுதலாக 20,000. போட்டியோ பல மடங்கு.

நிறுவனமே தன் ஊழியரை அமெரிக்கக் கிளைக்கு மாற்றி அனுப்பும் விசாவான எல்-1க்கு அந்த உச்சவரம்பு கிடையாது. ஆனால் கடந்த 3 ஆண்டுகளில் தொடர்ந்து 1 ஆண்டாவது அதே நிறுவனத்தின் அமெரிக்காவுக்கு வெளியே உள்ள கிளையில் வேலை பார்த்திருக்க வேண்டும். அப்புறம், அந்த விசாவை வைத்து வேறு கம்பெனிக்கு மாற முடியாது. சம்பளம் கட்டுப்படியாகாவிட்டாலும் அங்கேயேதான். எனக்கு அது பெரிய கவலை. எச்-1பியில் புது முதலாளி முறையாக மனு போட்டதும் மாறிக்கொள்ளலாம்.

கல்யாணமானவர்களுக்குக் கணக்கு வேறு. எல்-1ல் போகிறவரின் மனைவியோ கணவரோ அங்கே வேலை பார்க்கலாம். எச்-1பியில் பெரும்பாலும் கிரீன் கார்டு மனு ஒப்புதலாகும்வரை வீட்டில்தான். இருவரும் சம்பாதிக்கிற குடும்பம் என்றால் எல்-1ஐயே கேளுங்கள்.