சம்பளச் சாமான்: தோட்டத்துக் கடையா, சுப்பர் மார்க்கட்டா?

பத்தாம் தேதி சம்பளம் கைக்கு வந்ததும் எங்கள் வீட்டில் முதலில் எழும் பேச்சு, இந்த மாதச் சாமானை எங்கே எடுப்பது என்பதுதான். எங்கள் தேயிலைத் தோட்டத்தில் இருப்பது ஒரே ஒரு கடை. ஹட்டன் டவுனுக்கு பஸ்ஸில் முக்கால் மணி நேரம். அங்கே போனால் சுப்பர் மார்க்கட், சதொச என்ற அரசாங்கக் கடை, மொத்தக் கடை, வாரச்சந்தை என்று எல்லாம் உண்டு. ஏழெட்டு மாதமாக எல்லாக் கடை பில்களையும் ஒரு கொப்பியில் ஒட்டி வைத்து ஒப்பிட்டு வருகிறேன். அம்மா கேட்ட கேள்விதான் காரணம்: "டவுன்ல மலிவு, மலிவுன்னு சொல்றீங்க. அப்புறம் ஏன் மாசக் கடைசில கையில ஒன்னும் மிஞ்ச மாட்டேங்குது?"

விலை அச்சிட்ட சாமான்களில் பெரிய வித்தியாசம் இல்லை. சவுக்காரம், பிஸ்கட், பால்மா எல்லாவற்றிலும் உச்சபட்ச சில்லறை விலை போட்டிருக்கும். அதற்கு மேல் விற்றால் குற்றம். 1977 என்ற எண்ணுக்கு அழைத்து நுகர்வோர் அதிகார சபையிடம் சொல்லலாம். சுப்பர் மார்க்கட்டில் அந்த விலையிலிருந்து சில ரூபாய் குறையும், அவ்வளவுதான். வித்தியாசம் தெரிவது நிறுத்துக் கொடுக்கும் சாமானில். பருப்பு, சீனி, மா, பெரிய வெங்காயம், செத்தல் மிளகாய் ஐந்திலும் என் கொப்பியில் ஒரு மாதம்கூடத் தோட்டத்துக் கடை சதொசவை விடக் குறைவாக வந்ததில்லை. அதிலும் 100 கிராம், 250 கிராம் என்று வாங்கினால் கிலோக் கணக்கு இன்னும் ஏறுகிறது. கையில் காசு குறைவாக உள்ளவர்தான் கொஞ்சம் கொஞ்சமாக வாங்குகிறார். ஒரு கிலோவுக்குக் கூடுதலாகக் கொடுப்பவரும் அவர்தான்.

இதை வைத்து தோட்டத்துக் கடைக்காரரைத் திட்டிவிட்டுப் போக எனக்கு மனம் வரவில்லை. அவர் ஹட்டனில் மொத்தக் கடையில் எடுத்து, வேனுக்கு வாடகை கொடுத்து, மலையேற்றிக் கொண்டுவருகிறார். பிறகு ஒரு மாதம் கடனுக்குக் கொடுக்கிறார். சில கடன் திரும்பி வராது. ஆகவே அவர் சொல்லும் பருப்பு விலைக்குள் பருப்பும் இருக்கிறது, வேன் கூலியும் இருக்கிறது, ஒரு மாத வட்டியும் இருக்கிறது. சுப்பர் மார்க்கட் விலையில் இந்தக் கடைசி இரண்டும் இல்லை. அங்கே வேன் கூலிக்குப் பதில் பஸ் காசு நம் கையிலிருந்து போகிறது. பருப்பில் கிலோவுக்கு 20 ரூபாய் மிச்சம் என்று வைத்துக்கொள்வோம். இரண்டு கிலோவுக்காக டவுன் போய் வந்தால் நட்டம். ஒரு மாதச் சாமானை மொத்தமாக எடுத்தால்தான் லாபம். மொத்தமாக எடுக்க ரொக்கம் வேண்டும். அந்த ரொக்கம்தான் பழைய பாக்கிக்குப் போய்விடுகிறதே!

தோட்டத்துக் கடையில் எனக்குள்ள குறை விலையைப் பற்றியது அல்ல. கணக்குக் கொப்பி ஒன்றே ஒன்று, அது கடையில் இருக்கிறது. என்ன விலைக்கு எழுதினார் என்று மாத முடிவில்தான் தெரியும். பாக்கி இருக்கிறவர் விலை கேட்கக் கூச்சப்படுவார், வேறு கடைக்குப் போகவும் தயங்குவார். மலையகத்துக்கு இது புதிதல்ல. ஆள் சேர்த்து வேலை வாங்கிய கங்காணியின் கடன் தொழிலாளியைக் கட்டிப் போட்டிருந்த துண்டு முறை 1921இல் சட்டத்தால் ஒழிந்தது. அதற்குப் பிறகும் தோட்டமே அரிசி போட்டுச் சம்பளத்தில் பிடித்துக்கொண்டது. விற்பவர் ஒருவர், வாங்குபவர் எல்லோரும் அவருக்குக் கடன்பட்டவர் என்றால் விலையை யார் சொல்வார் என்று நம் தாத்தா பாட்டிக்கு யாரும் பாடம் எடுக்கத் தேவையில்லை.

சுப்பர் மார்க்கட்டில் விலை எழுதியிருக்கிறது, பில் தருகிறார்கள், தராசில் சந்தேகம் இல்லை. இந்த மரியாதை பெரிய விஷயம். எழுதப் படிக்கத் தெரியாத அம்மாக்கள்கூட அங்கே பில்லை வாங்கிப் பிள்ளைகளிடம் காட்டிக் கணக்குப் பார்க்கிறார்கள். ஆனால் அங்கே பெரிய விலைக்கழிவெல்லாம் யாருக்கு? வாரத்தில் சில நாட்களில் காய்கறிக்கும் மற்றதற்கும் குறிப்பிட்ட வங்கிகளின் கடன் அட்டை வைத்திருப்பவருக்கு. கொழுந்து பறிப்பவரிடம் கடன் அட்டை ஏது? முன்னால் நிற்பவர் கால்வாசி குறைத்துக் கொடுக்கும் அதே கரட்டுக்கு எங்கள் அக்கா முழு விலை கொடுக்கிறார். 2024 செப்டம்பரில்தான் அடிப்படை நாள் சம்பளம் 1,350 ரூபாய் வரை வந்தது. சம்பளத்தில் ஊழியர் சேமலாப நிதிக்கும் பிடித்த பிறகு வரும் காசில்தான் அக்கா அந்த முழு விலையைக் கொடுக்கிறார்.

கரட் என்றதும் எனக்கு எப்போதும் ஒரு வேதனை. நம் மலையில் விளைந்து, லொறியில் தம்புள்ளை மொத்தச் சந்தைக்கோ பேலியகொடை மொத்தச் சந்தைக்கோ இறங்கி, விலை வைக்கப்பட்டு, அதில் ஒரு பங்கு மறுபடி மலைக்கே ஏறி வருகிறது. கார்கில்ஸ் நிறுவனம் 1999இல் ஹங்குராங்கெத்தையில் நிலையம் வைத்து விவசாயியிடம் நேரடியாகக் காய்கறி வாங்கத் தொடங்கியது. தரகு மிச்சம், நிறை சரி என்று அதனால் பலன் கண்டவர்கள் இருக்கிறார்கள். ஆனால் அந்த வழியில் போவது நேராக, ஒரே அளவாக, கழுவிய கரட்தான். வளைந்ததும் சிறுத்ததும் விவசாயியிடமே தங்கிவிடும். விலையும் பெரும்பாலும் தம்புள்ளை மொத்த விலையைப் பார்த்துத்தான் வைக்கப்படுகிறது. பெரிய கொள்வனவாளர் இரண்டு மூன்று பேர்தான் என்றால், வாங்குகிற இடத்தில் நமக்கு இருக்கிற அதே பலவீனம் விற்கிற இடத்தில் விளைவிக்கிறவருக்கும் வந்துவிடுகிறது. அந்த வளைந்த கரட்டை நான் சந்தையில் வாங்குகிறேன். காய்கறிக்கு என் ஓட்டு சந்தைக்குத்தான். நாலு மணிக்கு மேல் போனால் கோவாவும் (முட்டைக்கோஸ்) லீக்ஸும் நாம் சொன்ன விலைக்குக் கிடைக்கும், ருசியில் ஒரு குறையும் இல்லை.

அரிசியும் மாவும் வேறு கதை. அங்கே பிடி கடைக்காரர் கையில் இல்லை. இலங்கையில் கோதுமை மா அரைப்பது முக்கியமாக ப்ரீமா, செரண்டிப் என்ற இரண்டு நிறுவனங்கள். ரொட்டி சுட்டுத்தான் விடியற்காலையில் தேயிலை மலைக்குப் போகிறோம் என்பதால், மா விலை ஏறினால் எங்களுக்குப் படியளப்பு குறைகிறது. அரிசியில் பெரிய ஆலைக்காரர்கள். 2024 டிசம்பரில் அரசாங்கம் நாட்டரிசிக்கு கிலோ 230 ரூபாய் என்று கட்டுப்பாட்டு விலை வைத்தது. எங்கள் கடைக்காரர் அம்மாவிடம் சொன்னது: "அக்கா, எனக்கு மூட்டை வர்ற விலைக்கும் அதுக்கும் இடைவெளியே இல்ல." டவுனில் ஆளுக்கு இத்தனை கிலோதான் என்று அளந்து கொடுத்தார்கள். கட்டுப்பாட்டு விலை பலகையில் இருந்தது, அரிசி கடைத் தட்டில் இல்லை.

2022 செப்டம்பரில் கொழும்பு விலைச் சுட்டெண்படி உணவுப் பணவீக்கம் 94.9 சதவீதம். ஒரு வருடத்தில் சாப்பாட்டுச் செலவு கிட்டத்தட்ட இரண்டு மடங்கு. பணவீக்கம் பிறகு இறங்கிவிட்டது என்கிறார்கள், உண்மைதான். ஆனால் அது விலை ஏறும் வேகம் குறைந்தது என்றுதான் அர்த்தம். ஏறிய விலை பழைய இடத்துக்குத் திரும்பவில்லை. வற் வரியும் அதே ஆண்டில் 8இலிருந்து 12, 15 என்று ஏறி 2024 ஜனவரியில் 18 சதவீதம் ஆனது. 2022இன் அந்த மாதங்களில் எங்கள் லயத்து வரிசை வீடுகளில் அடுப்பு எரிந்தது தோட்டத்துக் கடைக் கொப்பியால். காசு இல்லாமல் உள்ளே போய்ச் சாமானோடு வெளியே வரக்கூடிய இடம் அது ஒன்றுதான். இதை நான் மறக்கமாட்டேன்.

அதனால்தான் சின்னக் கடைகள் மூடப்படுவதைப் பார்க்கப் பயமாக இருக்கிறது. இன்று டவுனில் சுப்பர் மார்க்கட் விலையை இழுத்துப் பிடிப்பது சதொசவும் மொத்தக் கடையும் சந்தையும். அவை ஒன்றொன்றாகக் குறைந்தால் யார் பிடிப்பது? 1987ஆம் ஆண்டு நியாய வர்த்தக ஆணைக்குழுச் சட்டத்தில் நிறுவனங்கள் ஒன்றாய்ச் சேர்வதை ஆராயும் அதிகாரம் இருந்தது. 2003ஆம் ஆண்டு 9ஆம் இலக்கச் சட்டத்தில் நுகர்வோர் அதிகார சபை வந்தபோது அது விடுபட்டுப் போனது. பெரிய கடை இன்னொரு பெரிய கடையை வாங்கினால் அந்தச் சட்டத்தில் தடுக்க வழி இல்லை. இதைத் திருத்தும்படி நம் பாராளுமன்ற உறுப்பினர்களை மலையகம் கேட்க வேண்டும். சம்பளத்தைக் கேட்கிற அதே குரலில் கேட்க வேண்டும்.

எங்கள் வீடு இப்போதைக்குச் செய்வது இது: லயத்தில் ஐந்து குடும்பம் சேர்ந்து பத்தாம் தேதிக்குப் பிறகு ஒரு ஆட்டோவில் டவுன் போகிறோம். பருப்பு, சீனி, மா சதொசவில், அங்கே தீர்ந்திருந்தால் மொத்தக் கடையில். சவுக்காரமும் பால்மாவும் சுப்பர் மார்க்கட்டில். காய்கறி சந்தையில். தேங்காய், கருவாடு, திடீரென்று தேவைப்படும் கால் கிலோ எதுவானாலும் தோட்டத்துக் கடையில், முடிந்தவரை ரொக்கத்துக்கு. கடனுக்கு எடுத்தால் விலையோடு எழுதிய இரண்டாவது கொப்பி நம் வீட்டில் இருக்க வேண்டும் என்று அம்மா போய்க் கேட்டார். முதலாளி கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, தட்டிலிருந்து ஒரு புதுக் கொப்பியை எடுத்துக் கொடுத்தார். அதன் விலையையும் முதல் வரியில் எழுதினார்.