36 அங்குலமா, 29-ஆ, கியரா? செட்டிநாட்டு மேற்கு மேடுகளுக்கு எந்த ஒற்றைச் சக்கரம்

காரைக்குடியிலிருந்து தேவகோட்டைப் பக்கமோ கல்லல் பக்கமோ ஒற்றைச் சக்கர சைக்கிளில் போவதென்றால், எந்தச் சக்கரம் என்று மண்டையை உடைத்துக்கொள்ள வேண்டாம். தரை ஏறக்குறைய சமம். இருப்பதிலேயே பெரிய சக்கரத்தை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடலாம். மேற்கே திரும்பும்போதுதான் யோசிக்க வேண்டியிருக்கிறது. குன்றக்குடி, பிள்ளையார்பட்டி, திருப்பத்தூர், சிங்கம்புணரி என்று போகப் போகச் சாலை ஏறி இறங்கத் தொடங்கும். நத்தம் தாண்டித் திண்டுக்கல் சாலையைப் பிடித்தால் ஒரு பக்கம் சிறுமலை, இன்னொரு பக்கம் கரந்தமலை. தைப்பூசத்துக்கு நகரத்தார் காவடி எடுத்துப் பழநிக்கு நடக்கிற வழியும் இதுதான்.

இந்த வழிக்கு மூன்று வண்டிகளை வைத்துப் பேசுகிறேன். 36 அங்குலச் சக்கரம், 29 அங்குலச் சக்கரம், அதே 29-ல் கியர் ஹப் (சக்கரத்தின் நடுக்குடத்திலேயே கியர்) போட்டது. என் ஓட்டு சாதா 29-க்கு. ஆனால் 36-க்கு உரிய மரியாதையை முதலில் கொடுத்துவிட வேண்டும்.

இந்த வண்டியில் செயின் கிடையாது, மிதிக்காமலே உருள விடுகிற ஃபிரீவீல் கிடையாது. கிராங்க், அதாவது பெடலைத் தாங்குகிற கை, நேராக ஹப்பில் பூட்டியிருக்கும். பெடல் ஒரு சுற்று சுற்றினால் சக்கரமும் ஒரு சுற்று, அவ்வளவுதான். ஆகவே சக்கரத்தின் அளவுதான் கியர். 36 அங்குலச் சக்கரம் ஒரு சுற்றுக்கு 2.87 மீட்டர் போகும். 29 அங்குலம் 2.31 மீட்டர். நிமிடத்துக்கு 100 சுற்று என்று நிதானமாக மிதித்தால் 36-ல் மணிக்கு 17 கிலோமீட்டர், 29-ல் 14-க்குக் கொஞ்சம் குறைவு. 50 கிலோமீட்டர் போக 36-க்கு மூன்று மணி நேரம் போதும், 29-க்கு அதற்கு மேல் முக்கால் மணி நேரம் ஆகும்.

இந்த முக்கால் மணி நேரம் நம் ஊர் வெயிலில் சின்ன விஷயம் இல்லை. விடியுமுன் கிளம்பினாலும் ஒன்பது மணிக்கு மேல் தார் சூடு கீழிருந்து முகத்தில் அடிக்கும். அதைவிட முக்கியம் சீட். சாதாரண சைக்கிளில் பாரத்தில் ஒரு பங்கைக் கை வாங்கிக்கொள்ளும். இங்கே உடம்பு மொத்தமும் சீட்டில். ஒரு மணி நேரம் ஆனதும் தொடையிடுக்கு மரத்துப்போகும். இறங்கி நடந்தால்தான் ரத்தம் ஓடும். சீட்டுக்கு முன்னால் நீட்டி வைக்கிற கைப்பிடி இருந்தால் கொஞ்சம் பாரத்தைக் கைக்கு மாற்றலாம். மூன்று வண்டிக்கும் இது கட்டாயம் வேண்டும். ஆனாலும் சீட்டில் இருக்கிற நேரத்தைக் குறைக்கிற வண்டி என்ற முறையில் 36-க்கு இது பெரிய பலம்.

சாதனைகளும் அதன் பக்கம்தான். இங்கிலாந்தின் எட் பிராட் 2015-இல் கிளம்பி 2018-இல் உலகத்தைச் சுற்றி வந்தது 36 அங்குலச் சக்கரத்தில், மூட்டை முடிச்சோடு. 2008-இல் கனடாவின் நோவா ஸ்கோஷியாவில் அணிக்கு மூன்று பேராக 800 கிலோமீட்டர் ஒற்றைச் சக்கரத் தொடர் ஓட்டப் பந்தயம் நடந்ததே, அந்த மாதிரி ஓட்டங்களுக்கும் பெரிய சக்கரம்தான் பொருத்தம். அதன் எடையே சமதரையில் உதவி. ஒருமுறை வேகம் பிடித்துவிட்டால் சக்கரமே உங்களை இழுத்துக்கொண்டு போகும். கண்மாய்க் கரைமேல் ஏறி மறுபக்கம் இறங்குகிற சின்ன மேடுகளை வந்த வேகத்திலேயே விழுங்கிவிடும். திருப்பத்தூர் வரை 36-ல் போகிறவரைப் பார்த்து 29-ல் போகிறவருக்கு ஏக்கம் வருவது நியாயம்தான்.

அதற்கப்புறம் கணக்கு மாறுகிறது.

மேட்டில் ஏறத் தேவை காலின் நெம்புவிசை. கிராங்க் நீளத்தைச் சக்கரத்தின் அளவோடு வைத்துப் பார்த்தால் அது தெரியும். 29 அங்குலத்தில் 125 மில்லிமீட்டர் கிராங்க் போட்டால் கிடைக்கிற அதே விசைக்கு 36-ல் 155 மில்லிமீட்டர் வேண்டும். 29-ல் 150 போட்டால் அதற்கு ஈடாக 36-ல் 186 வேண்டும். அவ்வளவு நீளத்தைச் சுற்றினால் இடுப்பு இரண்டு பக்கமும் ஆடி, நேராகப் போவதே பாடாகிவிடும். அதாவது செங்குத்து மேட்டுக்கு 29-ஐத் தயார்செய்கிற அளவுக்கு 36-ஐத் தயார்செய்ய முடியாது. மேட்டில் வேகம் குறைந்ததும், சமதரையில் துணையாக இருந்த அதே எடை ஒவ்வொரு மிதியிலும் எதிராக நிற்கும். பெடல் மேலும் கீழுமாக நேர்க்கோட்டில் வருகிற நொடியில் வண்டி அப்படியே நின்றுபோகும். நின்றால் இறங்கத்தான் வேண்டும்.

இறங்கினால் திரும்ப ஏற வேண்டுமே. மலைச் சாலையைப் பற்றிப் பேசுகிறவர்கள் வேகம், கியர், டயர் எல்லாம் பேசுவார்கள். இதைப் பேச மாட்டார்கள். என்னைக் கேட்டால் வண்டியைத் தேர்ந்தெடுக்க வேண்டியதே இதை வைத்துத்தான். 29-ல் ஏறுவதை நின்ற இடத்திலேயே செய்யலாம்: சீட்டைத் தொடைக்கு நடுவில் வைத்து, பின்பக்கம் இருக்கிற பெடலில் ஒரு கால், அடுத்த கால் எழும்பி முன் பெடலுக்கு. மேட்டில்கூடப் பழகினால் வரும். 36-ல் சீட் இடுப்புக்கு மேலே நிற்கும். இரண்டு எட்டு ஓடித் தாவி ஏறினால்தான் சக்கரம் உருளும். மேட்டில் தாவும்போது சக்கரம் பின்னால் நழுவும். சாலையோரப் புளியமரத்தைப் பிடித்துக்கொண்டு ஏறலாம், மரம் இருந்தால். இல்லாவிட்டால் இறக்கத்தைப் பார்த்துத் திரும்பி ஏறி, சாலையின் குறுக்கே வளைந்து மறுபடி மேட்டைப் பார்க்க வேண்டும். பேருந்து வருகிற சாலையில் அதைச் செய்யாதீர்கள்.

நம் பக்கத்துச் சாலையில் இறங்க வைக்கிற காரணங்கள் ஏராளம். ஊருக்கு ஊர் வேகத்தடை. ஆட்டு மந்தை. தார்மேல் காயப்போட்ட உளுந்து. ‘ஒத்தச் சக்கரத்துல போறாகப்பா’ என்று கூட ஓடிவருகிற பிள்ளைகள். அதுவும் தை மாதத்தில் பாதயாத்திரைக் கூட்டம் போகும்போது இந்த வழியில் வண்டி ஓட்டவே கூடாது. நடக்கிறவர்களுக்கு உரிய நாட்கள் அவை. மற்ற நாட்களிலும் அடிக்கடி இறங்கி ஏறுவது நிச்சயம். ஒவ்வொரு முறையும் 36-ல் தாவி ஏறுகிற களைப்பு சேர்ந்துகொண்டே போகும், சமதரையில் மிச்சம் பிடித்த நேரம் இங்கே கரைந்துவிடும்.

இறக்கமும் லேசான வேலை இல்லை. ஃபிரீவீல் இல்லாததால் காலைச் சும்மா வைத்துக்கொண்டு உருண்டு இறங்க முடியாது. சக்கரம் சுற்றுகிற வேகத்துக்குப் பெடலும் சுற்றும். எதிர்மிதி கொடுத்துத் தாங்கிக்கொண்டே வர வேண்டும். நீள இறக்கத்தில் முட்டிக்கு மேலே தொடை நடுங்க ஆரம்பிக்கும். அதனால் பிரேக் வேண்டும். அதைக் கப்பென்று பிடித்தால் முன்னால் தூக்கி எறியும். ஒரு விரலால் மெல்ல இழுத்து, உரசல் சத்தம் ஒரே சீராக வருகிற அளவில் வைத்துக்கொண்டு, காலையும் மெல்ல எதிர்க்க வைக்க வேண்டும். 36-ல் உருளுகிற எடையும் அதிகம், விழுகிற உயரமும் அதிகம். திண்டுக்கல் வரை போய்விட்டு ஆசைப்பட்டுச் சிறுமலையின் 18 கொண்டை ஊசி வளைவுகளுக்கும் போகிறவர்களுக்கு 36-ஐ நான் சொல்லவே மாட்டேன்.

சரி, இரண்டுக்கும் நடுவே ஒரு வழி இருக்கிறதே என்பார்கள் கியர் ஹப் பிரியர்கள். சுவிட்சர்லாந்தின் ஃப்ளோரியான் ஷ்லும்ப் உருவாக்கிய ஹப் அது. அச்சின் முனையில் இருக்கிற பொத்தானைக் குதிகாலால் தட்டினால் கியர் மாறும். பெடலின் ஒரு சுற்றுக்குச் சக்கரம் ஏறத்தாழ ஒன்றரைச் சுற்று சுற்றும். 29 அங்குலச் சக்கரம் திடீரென்று 40 அங்குலத்துக்கு மேற்பட்ட சக்கரமாகிவிடுகிறது. மேட்டில் 29, சமதரையில் 36-ஐயும் மிஞ்சிய வேகம். படிக்கும்போது இதைவிட வேறென்ன வேண்டும் என்றுதான் தோன்றும், பொறியியலாகப் பார்த்தாலும் அழகான பொருள்.

ஆனால் பெடலில் ஒரு சின்ன ஆட்டம் இருந்துகொண்டே இருக்கும். மேல் கியரில் தடுமாறினால் காலால் மீட்டெடுக்கிற விசை குறைவு, வேகமோ அதிகம். அந்த வேகத்தில் விழுந்தால் ஓடிச் சமாளித்து நிற்க முடியாது. நல்ல சாலையில் இதெல்லாம் பழக்கத்தில் சரியாகும். திடீரென்று குழி வருகிற கிராமச் சாலையில் பயந்து பயந்து கீழ் கியரிலேயே ஓட்ட வேண்டியதுதான். ஹப் மட்டுமே ஆயிரம் யூரோவைத் தாண்டும். உள்ளே ஏதாவது போனால் பக்கத்து ஊர்க் கடையில் திறந்து பார்க்கச் சொல்லும் சாமான் அது இல்லை. நன்றாகப் பழகியவர், பணம் ஒரு பொருட்டில்லை என்பவர் வாங்கட்டும். முதல் நெடுந்தூர வண்டியாக வேண்டவே வேண்டாம்.

முள்ளை மறந்துவிடக் கூடாது. இந்தப் பக்கம் சாலையோரம் முழுக்கச் சீமைக் கருவேலம். காய்ந்த முள் டயரைத் தைத்தால் டியூப் வரை போகும். ஓரத்து மண்ணில் இறங்குவதைத் தவிர்ப்பது, டியூபுக்குள் ஓட்டையடைக்கும் திரவம் விட்டுக்கொள்வது, இரண்டும் மூன்று வண்டிக்கும் பொது. மாற்று டியூப் விஷயத்தில்தான் வித்தியாசம். 36-க்கு நீங்கள் கொண்டுபோனதுதான் கதி. 29-க்கு அவசரமென்றால் ஊர் ஊராகக் கிடைக்கிற நம் 28 அங்குல சைக்கிள் டியூபைப் போட்டுக் காற்றடித்து வீடு வரலாம். பஞ்சர் கடைக்காரர் வண்டியைப் பார்த்துக் கேட்கிற கேள்விகளுக்குப் பதில் சொல்லத்தான் அதிக நேரமாகும்.

29-ஐ வாங்குகிறவர்களுக்கு ஒரே ஒரு யோசனை: இரண்டு துளை உள்ள கிராங்க் போடுங்கள். 125-க்கும் 150-க்கும் பெடலை மாற்றிப் பூட்டிக்கொள்ளலாம்; ஒரு ஸ்பானர் போதும். காரைக்குடியில் கிளம்பும்போது 125-ல் இருக்கட்டும், கால் சீக்கிரம் சுற்றும். சிங்கம்புணரியில் டீ குடிக்கிற இடத்தில் 150-க்கு மாற்றுங்கள். இடது பெடலுக்கு மரை எதிர்ப்பக்கம் என்பதை மட்டும் நினைவில் வையுங்கள். அவசரத்தில் தப்பாகத் திருகினால் கிராங்கின் மரை போய்விடும்.

காரைக்குடி, தேவகோட்டை, புதுவயல் வட்டத்தை விட்டு வெளியே போகிற எண்ணமே இல்லாதவர்களுக்கு நான் மேலே சொன்னது எதுவும் பொருந்தாது. அவர்கள் தயங்காமல் 36 வாங்கலாம்.