டைமிங் செயின் சத்தம்: டென்ஷனர் மட்டுமா, முழு செட்டா?

கோல்ட் ஸ்டார்ட்ல (ஆறிக் கிடந்த இன்ஜினை ஸ்டார்ட் பண்றப்போ) ரெண்டு மூணு செகண்ட் கரகரன்னு சத்தம் வந்து நின்னுடுதுன்னா, பெரும்பாலும் ஆயில் பிரஷர் ஏறுற வரைக்கும் டென்ஷனர், அதாவது செயினைத் தொய்யாம இறுக்குற பார்ட், டைமிங் செயினை (இன்ஜின் சுத்துறதுக்கு ஏத்த நேரத்துல வால்வு திறந்து மூட வைக்குற செயின்) இறுக்கிப் பிடிக்கலன்னு அர்த்தம்.

டென்ஷனர் மட்டும் மாத்தினா செலவு கம்மி, சில இன்ஜின்ல வெளியிலிருந்தே கழட்டிடலாம், ஆனா செயின் ஏற்கனவே நீண்டிருந்தா கொஞ்ச நாள்ல சத்தம் திரும்ப வரும், சென்சார் நல்லா இருந்தும் பி0016 கோட் (கிராங்க் ஷாஃப்டும் கேம் ஷாஃப்டும் ஒண்ணுக்கொண்ணு பொருந்தலன்னு சொல்ற எரர்) வருதுன்னா டென்ஷனர் மட்டும்ங்கிற பேச்சே வேணாம்.

முழு செட்டுக்கு, அதாவது செயின், டென்ஷனர், கைடு எல்லாத்துக்கும், லேபர் தான் பயங்கரம். பி6 ஆடி எஸ்4ல இருக்குற 4.2 லிட்டர் வி8க்கு செயின் பின்பக்கம், இன்ஜினையே இறக்கணும். இறக்கினப்புறம் கைடை (செயின் உரசி ஓடுற பிளாஸ்டிக் பட்டை) மட்டும் பழசா விட்டு மூடிடாதீங்க ப்ளீஸ், அது உடைஞ்சு செயின் பல்லு தாண்டினா வால்வு பிஸ்டன்ல இடிச்சு இன்ஜினே போயிடும்.

என் ஓட்டு முழு செட்டுக்கு தான். முதல்ல ஆயில் சம்ப்பை (இன்ஜின் அடியில இருக்குற ஆயில் தொட்டி) கழட்டி உடைஞ்ச கைடோட பிளாஸ்டிக் துண்டு கிடக்கான்னு பாருங்க, கிடந்தா வண்டியை ஸ்டார்ட்டே பண்ணாதீங்க.