தொட்டியில் பீன்ஸ்: செடியா, கொடியா, பயத்தங்காயா, அவரையா?

பொட்டலத்தின் மேல் 'செடி பீன்ஸ்' என்றுதான் போட்டிருந்தது. நட்ட இருபதாம் நாள் நுனி சாட்டை மாதிரி நீண்டு, காற்றில் எதையோ தேடிச் சுற்ற ஆரம்பித்தது. ஒரே வாரத்தில் பக்கத்துத் தொட்டி மிளகாய்ச் செடியைக் கழுத்தோடு பிடித்துவிட்டது. பாரி முல்லைக்குத் தேரைக் கொடுத்தது பெருந்தன்மை. நான் துடைப்பக் கட்டையைக் கொடுத்தது வேறு வழியில்லாமல்.

அதிலிருந்து ஒரு பழக்கம். யாராவது "தொட்டியில் எந்த பீன்ஸ் வைக்கலாம்?" என்று கேட்டால், செடியா கொடியா என்ற பேச்சுக்கு நான் உடனே போவதில்லை. விதை போட்டு நாற்பது, ஐம்பது நாள் கழித்துப் பூ வரும். அந்த நேரத்தில் உங்கள் வீட்டில் இரவு எப்படி இருக்கும் என்றுதான் முதலில் கேட்கிறேன். கேட்டவர் விசித்திரமாகப் பார்ப்பார். ஆனால் பாதி முடிவு அங்கேதான் இருக்கிறது.

காரணம் இதுதான். நாம் வழக்கமாக பீன்ஸ் என்று சொல்லும் காய் அமெரிக்கக் கண்டத்திலிருந்து வந்தது. மிதமான வெயிலும் குளிர்ந்த இரவும் அதற்குப் பிடிக்கும். பகல் வெப்பம் ஏறக்குறைய 32 டிகிரியைத் தாண்டி, இரவிலும் 24, 25 டிகிரிக்குக் கீழே இறங்காமல் போனால் மகரந்தம் கெட்டுவிடும். செடி பச்சையாக, வாட்டசாட்டமாக நிற்கும். பூவும் வரும். காலையில் பார்த்தால் பூவெல்லாம் மண்ணில் கிடக்கும். உரம் போதவில்லையோ என்று நாம் இன்னும் ஒரு கை அள்ளிப் போடுவோம். அதனால் இலை இன்னும் பெரிதாகுமே தவிர காய் வராது.

பயத்தங்காயும் அவரையும் பார்க்க பீன்ஸின் பங்காளிகள் போல இருந்தாலும் இனமே வேறு. நீளமான பயத்தங்காய் தட்டைப்பயறின் உடன்பிறப்பு. தட்டைப்பயறும் அவரையும் ஆப்பிரிக்காவில் வேர் உள்ளவை. பீன்ஸ் கையை விரிக்கும் வெயிலில் பயத்தங்காய் சிரித்துக்கொண்டு ஏறும். எனவே இரவு குளிரும் காலத்தில் பூக்க வைக்க முடியுமானால் பீன்ஸ், முடியாதென்றால் மற்ற இரண்டில் ஒன்று. செடியா கொடியா என்பது அதற்கு அப்புறம் வரும் கேள்வி.

செடி பீன்ஸும் கொடி பீன்ஸும்

இரண்டும் ஒரே இனம். வித்தியாசம் வளரும் விதத்தில் மட்டும். செடி ரகம் ஒன்றரை, இரண்டு அடியோடு நின்றுவிடும். நுனியிலேயே பூங்கொத்து வந்து வளர்ச்சி முடிந்துவிடும். விதைத்த 50 முதல் 60 நாளில் காய் பறிக்கலாம். கொடி ரகம் 60 முதல் 70 நாள் எடுக்கும். ஆனால் ஆறு, எட்டு அடி ஏறி, கணுவுக்குக் கணு பூத்துக்கொண்டே போகும்.

தொட்டிக்கு என்றால் எல்லோரும் செடி ரகத்தைத்தான் சொல்வார்கள். கொம்பு வேண்டாம், காற்றில் சாயாது, எட்டு அங்குல ஆழம் போதும். எல்லாம் உண்மை. சொல்லாமல் விடுவது ஒன்று உண்டு. செடி பீன்ஸ் இரண்டு, மூன்று வாரத்தில் எல்லாக் காயையும் ஒரே மூச்சில் கொட்டிவிட்டு ஓய்ந்துவிடும். ஒரு வாரம் கூடை நிறையும், அடுத்த மாதம் தொட்டி காலி.

இதைச் செடியின் குறை என்று நினைத்திருந்தேன். ரகங்களின் கதையைப் படித்த பிறகுதான் விஷயம் புரிந்தது. 'ப்ளூ லேக்' என்ற பெயர்பெற்ற ரகம் முதலில் கொடிதான். அதே காயைக் குட்டைச் செடியில் கொண்டுவந்து 1961இல் 'புஷ் ப்ளூ லேக் 274' என்று வெளியிட்டார்கள். டப்பாவில் அடைக்கும் ஆலைகளுக்காக, வயலில் எந்திரம் ஒரே தடவை ஓடி மொத்தத்தையும் அறுவடை செய்யத் தோதாக உருவானது அது. ஒன்றாகக் காய்ப்பது அந்த விவசாயிக்கு வரம். நான்கு தொட்டி வைத்திருப்பவருக்கு அந்த வரத்தால் என்ன பயன்?

பரிகாரம் எளிது. எல்லா விதையையும் ஒரே நாளில் போடாமல், 15 முதல் 20 நாள் இடைவெளியில் ஒவ்வொரு தொட்டியாகப் போடுங்கள். முதல் தொட்டி ஓயும்போது இரண்டாவது காய்க்கும். இந்தப் பொறுமை எனக்கு இரண்டு சுற்றுக்கு மேல் இருந்ததில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். புது விதைப் பொட்டலத்தைப் பிரித்தால் கை நிற்காது.

தொட்டிக்கென்றே வந்த செடி ரகமும் உண்டு. 'மஸ்காட்' என்ற ரகம் 2014இல், அமெரிக்காவில் புது ரகங்களைச் சோதித்துத் தரும் ஆல்-அமெரிக்கா செலக்‌ஷன்ஸ் விருது வாங்கியது. அதன் காய்கள் இலைக்கு மேலே வந்து தொங்கும். மண்ணைத் தொடாததால் அழுகாது, தேடிப் பறிக்கவும் வேண்டாம். பெங்களூருவில் உள்ள இந்தியத் தோட்டக்கலை ஆராய்ச்சி நிறுவனத்தின் 'அர்கா கோமல்' நல்ல செடி ரகம். ஊதாக் காய் தரும் 'ராயல் பர்கண்டி' பச்சை இலைக்கு நடுவே தானாகக் கண்ணில் படும், ஒரு காயும் தப்பாது. வேகவைத்தால் அந்த ஊதா மறைந்து பச்சையாகிவிடும். நிறத்துக்காக வாங்குபவர்கள் அடுப்படியில் ஏமாறுவார்கள்.

கொடி ரகத்தில் 'கென்டகி ஒண்டர்' பழைய பெயர், நம்பலாம். கொடிக்கு ஒரு அடி ஆழம் வேண்டும். ஒரு அடி விட்டம், ஒரு அடி உயரமுள்ள பையில் ஏறக்குறைய 20 லிட்டர் மண்கலவை பிடிக்கும். அதில் மூன்று, நான்கு செடி ரகம் நிற்கும். கொடி என்றால் இரண்டு போதும், மூன்றாவதை வைக்க ஆசை வரும், வைக்காதீர்கள். ஆனால் அந்த இரண்டும் ஆறு, எட்டு வாரம் தினமும் ஒரு கைப்பிடி கொடுக்கும். தரை குறைவாகவும் உயரம் நிறையவும் உள்ள பால்கனியில், இடத்துக்கு இடம் கணக்குப் பார்த்தால் கொடிதான் ஜெயிக்கும். இதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

தோற்பது கொம்பில்தான். வழவழப்பான பிளாஸ்டிக் குழாயை நட்டால் கொடி சுற்றும், வெயிட் ஏறியதும் மொத்தமாகச் சரிந்து கீழே குவியும். சொரசொரப்பான குச்சியோ சணல் கயிறோதான் சரி. கொம்பைத் தொட்டியோடு மட்டும் கட்டினால் முதல் பலத்த காற்றில் தொட்டியும் சேர்ந்து விழும். மேல் முனையைச் சுவரிலோ கம்பியிலோ கட்டிவிடுங்கள். இன்னொன்று, பீன்ஸ் கொடி மேலிருந்து பார்த்தால் கடிகார முள்ளுக்கு எதிர்த்திசையில்தான் சுற்றும். உதவி செய்கிறேன் என்று நாம் மாற்றிச் சுற்றிவிட்டால் மறுநாள் காலை அவிழ்த்துக்கொண்டு தொங்கும். எனக்கு மூன்று நாள் அந்தக் கொடியோடு மல்லுக்கட்டிய அனுபவம் இருக்கிறது. கொடிதான் வென்றது.

பயத்தங்காய்: வெயிலுக்குப் பிறந்தது

காராமணி, தட்டைக்காய், பயிற்றங்காய் என்று ஆளுக்கொரு பெயர் சொல்வோம். ஒன்றரை அடி நீளக் காய் சாதாரணம், ரகத்தைப் பொறுத்து அதற்கு மேலும் போகும். காய்கள் பெரும்பாலும் ஜோடியாக வரும். பூ காலையில் விரிந்து உச்சிவெயிலுக்குள் மூடிக்கொள்ளும். பத்து மணிக்கு எழுந்து வந்து "பூவே வரவில்லை" என்று குறைப்படுபவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

பறிக்கும்போது காம்பைக் கவனிக்க வேண்டும். காய் தொங்கும் அந்தத் தண்டின் நுனியில் இன்னும் சின்ன மொட்டுகள் கடுகு போல ஒட்டிக்கொண்டிருக்கும். வெடுக்கென்று இழுத்தால் அதுவும் கூட வந்துவிடும். காயை மட்டும் திருகியோ கத்தரித்தோ எடுத்தால் அதே தண்டில் அடுத்த ஜோடி வரும். வெளியே இருந்து பார்த்தால் உள்ளே விதை முட்டிக்கொண்டு தெரியாத பருவமே சரியான பருவம். இரண்டு நாள் தாமதித்தால் தோல் பஞ்சாகிவிடும்.

அந்தத் தண்டில் எறும்பு ஊர்வதைப் பார்த்துப் பயப்படுபவர்கள் உண்டு. மொட்டுகளுக்கு நடுவே தேன் சுரக்கும் சுரப்பிகள் இருக்கின்றன, எறும்பு அதற்காகவும் வரும். அப்படியே விட்டுவிடலாம். ஆனால் குனிந்து ஒரு முறை பார்ப்பது நல்லது. தண்டில் கறுப்பு மை அப்பியது போல, சாறு உறிஞ்சும் அசுவினிப் பூச்சி ஒட்டிக்கொண்டிருந்தால், அது கசியும் இனிப்புக்காக எறும்பு அங்கே மாடு மேய்க்க வந்திருக்கிறது என்று அர்த்தம். ஆரம்பத்திலேயே தண்ணீரைப் பீய்ச்சி அடித்து உதிர்த்துவிட்டால் மருந்தே தேவைப்படாது. இந்த அசுவினித் தொல்லையில் பயத்தங்காயும் அவரையும் பீன்ஸை விட ஒரு படி மோசம். அதே வெயிலில் காய்ந்து கிடக்கும் பீன்ஸ் செடிக்கு வேறு எதிரி, இலையின் அடியில் செம்பேன். இலை மேலே வெளிறிய புள்ளி புள்ளியாகத் தெரிந்தால் திருப்பிப் பாருங்கள்.

அவரையில் ஒரு பொறி

பந்தல் அவரையைத் தொட்டியில் வைத்து ஆறு மாதம் இலையை மட்டும் ரசித்தவர்கள் பலர். அவர்கள் செய்த தவறு ஒன்றுமில்லை. பழைய கொடி அவரை ரகங்கள் பல, பகல் பொழுது சுருங்கினால்தான் பூக்கும். பகல் நீளும் காலத்தில் விதைத்தால், நாள் சுருங்கும் வரை கொடி சும்மா படர்ந்துகொண்டே இருக்கும். நிலத்தில் அது பரவாயில்லை. தொட்டியில் அத்தனை மாதம் தண்ணீரும் உரமும் கொடுத்து வளர்ப்பது ஆனைப் பசிக்குச் சோளப்பொரி போடுகிற கதை.

இதற்கு விடை செடி அவரை. 'அர்கா ஜெய்', 'அர்கா விஜய்' போன்ற குட்டை ரகங்கள் பகல் நீளத்தைப் பார்ப்பதில்லை, எப்போது போட்டாலும் பூக்கும். வெயிலையும் தாங்கும். செடி பீன்ஸுக்குக் காலம் ஒத்துவராத மாடியில், கொம்பு கட்டவும் வழியில்லை என்றால் என் ஓட்டு செடி அவரைக்கு. ருசி பீன்ஸ் மாதிரி இருக்காது, மணம் தூக்கலாக இருக்கும். அது பிடிக்குமா என்பது அவரவர் நாக்கின் விஷயம்.

மற்றவற்றை விரைவாகத் தாண்டிவிடலாம். கொத்தவரை நேராக வளரும், வறட்சி தாங்கும், தண்ணீர் தேங்கினால் மட்டும் செத்துவிடும். தொட்டிக்கு நல்ல ஆள். சிறகவரையும் பகல் சுருங்கக் காத்திருக்கும் ரகம், பெரிய டிரம் இல்லாமல் தொடாதீர்கள். டபுள் பீன்ஸை உரித்துப் பார்த்தால் நான்கு மாதக் காத்திருப்புக்கு ஒரு கிண்ணம் கிடைக்கும். சிவப்புப் பூ ரன்னர் பீன்ஸ் அழகு, ஆனால் குளிரும் தேனீயும் இரண்டும் வேண்டும்.

மண்ணில் நடக்கும் குழப்பம்

"பயறுவகை தானே, காற்றிலிருந்து தழைச்சத்தை (நைட்ரஜனை) எடுத்துக்கொள்ளும்" என்று ஒரு நம்பிக்கை. எடுப்பது செடியல்ல, வேர்முடிச்சில் குடியிருக்கும் ரைசோபியம் பாக்டீரியா. தென்னைநார்க் கழிவைக் கொட்டிய புதுக் கலவையில் அது பெரும்பாலும் இருக்காது. கடையில் வாங்கிக் கலக்கலாம் என்றால் அங்கேயும் கவனம் வேண்டும். பயத்தங்காய், அவரைக்கு ஒத்துப்போகும் பாக்டீரியா வேறு, பீன்ஸுக்கு வேறு. பொட்டலத்தில் எந்தப் பயிருக்கு என்று பார்த்து வாங்குங்கள். போதாததற்கு, பயறுவகைகளிலேயே தழைச்சத்துப் பிடிப்பதில் பீன்ஸ் கொஞ்சம் சோம்பேறி. அதனால் அதற்கு மண்புழு உரம் அளவாகக் கொடுக்கத்தான் வேண்டும். பூக்கும் நேரத்தில் தழைச்சத்தை ஏற்றாமல் இருந்தால் போதும்.

வேலை நடக்கிறதா என்று பார்க்க ஒரு வழி இருக்கிறது. ஓய்ந்த செடியைப் பிடுங்குவதற்குக் காத்திருக்காமல், பூக்கும் பருவத்தில் ஒன்றைத் தியாகம் செய்து வேரை அலசுங்கள். முடிச்சை நகத்தால் கீறினால் உள்ளே இளஞ்சிவப்பாக இருக்கும், ரத்தம் கட்டிய மாதிரி. அது நல்ல அறிகுறி. வெள்ளையாகவோ பச்சையாகவோ இருந்தால் முடிச்சு பெயருக்குத்தான் இருக்கிறது.

விதையை இரவு முழுக்க ஊறவைக்கும் பழக்கத்தையும் விட்டுவிடலாம். பீன்ஸ் விதை வேகமாகத் தண்ணீரைக் குடித்து உள்ளே வெடித்துவிடும். நேராகத் தொட்டியிலேயே ஒரு அங்குல ஆழத்தில் ஊன்றி, ஒரு முறை நன்றாக நனைத்து, முளை தெரியும் வரை கையைக் கட்டிக்கொண்டு இருங்கள். முளை கொக்கி மாதிரி வளைந்து, இரண்டு பருப்பையும் சுமந்துகொண்டு மண்ணை முட்டி வரும். மேல்மண் ஏடு கட்டியிருந்தால் அந்தக் கழுத்து ஒடிந்துவிடும். நாற்றுவிட்டுப் பிடுங்கி நடுவதும் இந்த வேருக்கு ஆகாது.

பீன்ஸ், பயத்தங்காய், அவரை மூன்றும் பெரும்பாலும் பூ விரியும் முன்பே தனக்குத்தானே மகரந்தம் சேர்த்துக்கொள்ளும். சுரை விதைத்தால் அவரை முளைக்காது என்பது போல, நீங்கள் எடுத்துவைக்கும் விதையும் அநேகமாகத் தாய் மாதிரியேதான் வரும். நல்ல செடியில் கடைசிச் சுற்றின் நான்கைந்து காயைப் பறிக்காமல் விட்டு, ஆட்டினால் விதை கலகலக்கும் வரை காய விடுங்கள். முதல் சுற்றிலேயே விடக்கூடாது. விதை முற்றத் தொடங்கினால் செடி கடமை முடிந்தது என்று பூப்பதை நிறுத்திக்கொள்ளும்.

துடைப்பக் கட்டையில் ஏறிய அந்தக் கொடியிலிருந்தும் ஒரு டப்பா விதை எடுத்து வைத்திருக்கிறேன். மேலே 'கொடி' என்று கொட்டை எழுத்தில் எழுதியாயிற்று. பூ வரும் நாளை எண்ணிப் பார்த்தேன். இரவு இன்னும் புழுங்குகிற நேரத்தில் வந்து விழுகிறது. அதனால் இப்போதைக்குப் பையில் போயிருப்பது பயத்தங்காய்.